பாம்பு பட்டினி கிடந்த வீடுகளுக்கு வந்த ரஹ்மத்

ரஹ்மத் நிஷா இறந்துவிட்டார் என்ற செய்தி ரஹ்மத் நிஷா என்ற பெயரிலிருந்தே வந்தது. அலுவலகம் முடிந்து காரில் ஏறிச் சாவியைப் போட்ட நேரம். எங்கள் பாம்புக் குழுவில் புதிய செய்தி என்று கைபேசி காட்டியது. டெக்சாஸின் சுகர் லேண்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பாம்பு வளர்க்கும் பிள்ளைகளைப் பெற்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்காக ரஹ்மத் தொடங்கிய வாட்ஸ்அப் குழு அது. எலியை விழுங்கும் பாம்பின் படம் ஒன்று வரும், கீழே வாழ்த்துகள் குவியும். அப்படி ஏதோ என்று நினைத்துத்தான் திறந்தேன். அவருடைய கணவர் யூசுப், மனைவியின் கைபேசியிலிருந்து இரண்டு வரி எழுதியிருந்தார். அலுவலகக் கூட்டத்தின் நடுவே மயங்கி விழுந்ததாகவும், மருத்துவமனையில் பிற்பகலில் உயிர் பிரிந்ததாகவும். மாரடைப்பு. ரஹ்மத்துக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்டினில் படிக்கும் என் மகள் நிலா அழைத்தாள். "அம்மா, ஆன்ட்டி பேர்ல மெசேஜ் வந்திருக்கு. ஹேக் பண்ணிட்டாங்களாம்மா?" என்றாள். இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் ரஹ்மத்தை உங்கள் வீட்டு வாசலில்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள், வீட்டில் முட்டைகூட நுழையாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த தோழியிடமிருந்து நிலா ஒரு பாம்பை வாங்கிவந்துவிட்டாள். பால் பைத்தான் என்ற வகை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பெயர். சுருண்டு கிடந்த அழகைப் பார்த்து முறுக்கு என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடம் முடியும் வயது அவளுக்கு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெண், தானாக வைத்த தமிழ்ப் பெயர் அது ஒன்றுதான். நான் எப்படி மறுப்பேன்?

வந்த நாளிலிருந்து முறுக்கு எதையும் தின்னவில்லை. வாரங்கள் போயின. கடையில் விற்கும் உறைந்த எலியை இடுக்கியில் பிடித்து நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நிலாவுக்கும் சோறு இறங்கவில்லை. செல்லப்பிராணிக் கடையில் இருந்த ஒருவர், வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிடுங்கள், வேறு வழியில்லை என்றார். அப்போதுதான் தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒருவர் ரஹ்மத்தின் எண்ணைக் கொடுத்தார்.

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து நேராக வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, தலையில் சாம்பல் நிற ஸ்கார்ஃப், கையில் சிறு துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அது சூடு அளப்பது. எண்ணெய்க் கம்பெனிகளுக்காகக் குழாய்களில் ஓடும் திரவங்களின் சூட்டைக் கணக்கிடும் பொறியாளர் அவர். நிலா வாசலிலேயே கேட்டுவிட்டாள்: "ஆன்ட்டி, இஸ் ஹீ கோயிங் டு டை?"

"இன்னைக்கு இல்ல," என்றார் ரஹ்மத். "நாளைக்குள்ளத நாளைக்குச் சொல்லுதேன்."

வரவேற்பறையில் டிவிக்கு எதிரே இருந்த கண்ணாடித் தொட்டியின் முன் உட்கார்ந்தார். பாம்பைப் பார்க்கவே இல்லை. தொட்டியின் ஒவ்வொரு மூலையிலும் கருவியை நீட்டினார். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.

"ஏசி நேரா இவன் தலையில ஊதுது. வெளிய நமக்கு டெக்சாஸ், உள்ள இவனுக்கு ஊட்டி. குளிர்ல கிடந்தா தின்னது செரிக்காது. அது இவனுக்குத் தெரியும். அதான் வாயே திறக்க மாட்டேங்கான்."

அடுத்து, "எலிய எங்க வச்சு உருக்குதீங்க?" என்றார்.

எனக்குச் சொல்லக் கூசியது. சமையலறைப் பக்கம் அதைக் கொண்டுவர நான் விடவில்லை. கராஜில் இருந்த ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்திருந்தோம். வேளை வந்ததும் என் கணவர் எடுத்து வெயிலில் ஒரு தாளின் மேல் வைப்பார். மேலே தொட்டால் இளகியிருக்கும். ரஹ்மத் ஒன்றை வாங்கி அழுத்திப் பார்த்தார்.

"நடுவுல ஐஸ்கட்டி. பாம்பு மூஞ்சியில இருக்க குழிய வச்சு சூட்டத்தான் பாக்கும். இவனுக்கு இது எலியே இல்ல, கல்லு."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "உங்க அடுப்பங்கரைக்குள்ள இது வர வேண்டாம். நான் அதுக்கு வழி பண்ணுதேன்" என்று சொல்லி எழுந்தார். இரண்டு நாளில் ஒரு பழைய மின்கெட்டிலும் மூடிபோட்ட வாளியும் எங்கள் கராஜுக்கு வந்துசேர்ந்தன. எலியைப் பையில் போட்டு இரவு முழுக்க அதே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிடுவது, பிறகு வாளியின் வெந்நீரில் உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவருவது, எல்லாவற்றையும் கராஜுக்குள்ளேயே செய்ய ஏற்பாடு. தொட்டியை நிலாவின் அறைக்கு மாற்றினார். மூன்று பக்கமும் துண்டு போட்டு மறைத்தார். உள்ளே உடம்பு உரசுகிற அளவுக்குச் சின்னதாக, ஒளிந்துகொள்ள ஒரு குகை வைத்தார். "ஒரு வாரத்துக்கு யாரும் தொடக் கூடாது. எட்டிப் பாக்கவும் கூடாது" என்றார். நிலாவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகும் முறுக்கு சாப்பிடவில்லை. ஒருமுறை நீட்டினோம், இல்லை. அடுத்த வாரம் நீட்டினோம், இல்லை. நான் ரஹ்மத்தை அழைத்து, கடைக்காரர் சொன்னபடி வாயைத் திறந்து கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். எனக்குப் பாம்பைவிட மகள்தான் கவலை.

"எடை குறைஞ்சிருக்கா?"

"பெருசா இல்ல."

"அப்ப அவன் சாகல, யோசிக்கான். வாயப் பிளந்து திணிச்சா உள்ள போகும் கோமதி. ஆனா அடுத்த தரம் உங்க கை தெரிஞ்சாலே சுருண்டுக்கிடுவான். நாம அவசரப்படுதது அவனுக்காக இல்ல, நமக்காக."

அடுத்த வாரம் அவரே வந்தார். அறையில் விளக்கை அணைத்துவிட்டு, கதவை ஒரு கை அகலம் திறந்துவைத்து, நானும் நிலாவும் நடையில் தரையில் உட்கார்ந்தோம். ரஹ்மத் நீண்ட இடுக்கியால் எலியைக் குகை வாசலில் வைத்துவிட்டு எங்களோடு வந்து அமர்ந்தார். சத்தமில்லை. ரொம்ப நேரம் கழித்து, துணியை உதறினாற்போல ஒரு ஒலி. நிலா என் கையை நசுக்கினாள். ரஹ்மத் எழுந்து எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். மகளைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, ஓர் உயிரை இன்னோர் உயிர் விழுங்குவதற்காகவா இவ்வளவு மகிழ்ச்சி என்றும் தோன்றியது. அதை ரஹ்மத்திடம் சொன்னேன்.

"தோணத்தான் செய்யும். தோணாதவங்க வீட்டுல பாம்பே இருக்கக் கூடாது" என்றார். எலி இருந்த பையைக்கூட அவர் குப்பையில் வீசியதில்லை. மடித்து, கட்டி, மெதுவாக வைப்பார்.

அவர் மேலப்பாளையத்துக்காரர். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஊரில் ஒரு சின்ன பஸ் பயணம்தான். அங்கே சந்திக்காமல் இங்கே சந்தித்தோம். உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் நாங்கள் பேசியதெல்லாம் எலியின் அளவும் பாம்பின் எடையும்தான். பிறகு நானும் அவரோடு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். முதலில் துணைக்கு. பிறகு போகாமல் இருக்க முடியாததால்.

ஒரு வீட்டில், மதுரையிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த அம்மாள், சாப்பிடாத பாம்பின் முன் தினமும் கிண்ணத்தில் பால் வைத்துக்கொண்டிருந்தார். மகன் தலையில் அடித்துக்கொண்டார். "பேர்லயே பால் பைத்தான்னு இருக்கே தம்பி, நான் என்னத்தக் கண்டேன்?" என்று அந்த அம்மாள் பாவமாகக் கேட்டார். மகன் எங்களைப் பார்த்து, பார்த்தீங்களா என்பதுபோலச் சிரித்தார். ரஹ்மத் அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "பேரு வச்சவன் தப்பு அத்தை, நீங்க என்ன செய்வீங்க? பாலு மிச்சம் இருந்தா எனக்கு ஒரு டீ போடுங்க. இவனுக்குள்ளத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்த அம்மாள் ஊர் திரும்பும்வரை ரஹ்மத்தை வாரம் ஒருமுறை அழைத்து, பாம்பு சாப்பிட்டதா என்று அவரே அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாரிடமும் இப்படி மெத்தென்று பேசியவர் இல்லை அவர். பிறந்தநாள் விருந்துக்கு வந்த விருந்தாளிகள் கழுத்திலெல்லாம் பாம்பைச் சுற்றிவிட்டு, அது ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது என்று கேட்ட ஒருவரிடம், "பாம்பு படம் எடுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க படம் எடுக்கதுக்குன்னே பாம்பு வாங்கினீங்களா?" என்று அவர் வீட்டு வரவேற்பறையிலேயே கேட்டார். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அந்த மனிதர் கோபப்பட்டுக் குழுவிலிருந்தே வெளியேறினார். ரஹ்மத் கவலைப்படவில்லை. ஆனால் அந்தப் பாம்பை மறக்கவும் இல்லை. பல நாள் கழித்து அந்த வீட்டுப் பெண்ணிடம் தனியாக விசாரித்து, அது சாப்பிடத் தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அடங்கினார்.

அவர்மேல் என் மதிப்பு உயர்ந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அது அவர் தோற்ற நாள். குழுவில் சரவணன் என்று ஒருவர். ஐடி வேலை, தனியாக அபார்ட்மென்ட்டில் இருப்பவர். அவருடைய பாம்பு குளிர்காலத்தில் உண்பதை நிறுத்தியது. ஆண் பாம்பு, அந்தப் பருவத்தில் பட்டினி கிடப்பது வழக்கம்தான், பொறுத்திருங்கள் என்று ரஹ்மத் போனிலேயே சொல்லிவிட்டார். சரவணன் பொறுத்திருந்தார். இரண்டுமுறை கேட்டார், இரண்டுமுறையும் அதே பதில். கடைசியில் பாம்பின் வாயோரம் நுரை தெரிந்து மருத்துவரிடம் கொண்டுபோனபோது, வாய்க்குள் புண் பரவி நுரையீரல்வரை போயிருந்தது. அது பிழைக்கவில்லை.

அன்று குழுவில் எல்லாரும் ஆறுதல் எழுதினார்கள். உங்கள் தப்பு இல்லை, விதி, பாம்புக்கு நோய் வந்தால் வெளியே தெரியாது என்றெல்லாம். அவற்றின் நடுவே ரஹ்மத் எழுதினார்: "தப்பு என்னோடது. வாயைப் பார்க்காமல், எடை கேட்காமல் போனில் பதில் சொன்னேன். சரவணன் சரியாகத்தான் கவலைப்பட்டார். நான்தான் அவரை நிறுத்தி வைத்தேன்."

அதோடு விடாமல் சரவணனின் வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் போனேன். சரவணன் கதவைத் திறந்தார், ஆனால் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"ரெண்டு தடவ கேட்டேன் மேடம்," என்றார்.

"ஆமா. ரெண்டு தடவையும் நான் கேக்கல," என்றார் ரஹ்மத்.

விளக்கம் இல்லை, மன்னித்துவிடு என்றுகூட இல்லை. அந்த வாசலில் நின்றபடி சரவணன் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டார். சில சொற்கள் கடுமையாகவே இருந்தன. எனக்குக் குறுக்கிட வேண்டும்போல வந்தது. ரஹ்மத் என் கையைத் தொட்டு நிறுத்தினார். பேசி முடித்தபோது சரவணனே, "உள்ள வாங்க, காபி போடுறேன்" என்றார். காலியாக இருந்த தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம்.

அதன் பிறகு யார் அழைத்தாலும், முதலில் தராசில் வைத்த படம் அனுப்பு, அடுத்து வாயைப் பார், மூச்சில் சத்தம் இருந்தால் என்னிடம் பேசாதே, மருத்துவரிடம் போ என்பது ரஹ்மத்தின் முறையாகிவிட்டது. நம்மில் பலருடைய பாம்புகள் இன்று உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு பாம்பு காரணம். ரஹ்மத் அதை மறைக்காமல் சொல்வார். சரவணன் குழுவை விட்டுப் போகவில்லை. இன்று புதிதாக வருகிறவர்களுக்குப் பதில் சொல்பவர் அவர்தான்.

ரஹ்மத்தின் இறுதித் தொழுகைக்கு முன், பள்ளிவாசலின் பெண்கள் பகுதியில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் நிலாவும் உட்கார்ந்திருந்தோம். நிலா ஆஸ்டினிலிருந்து விடியலில் கிளம்பி வந்திருந்தாள். தொழுகை தொடங்குவதற்குள் ஒருமுறை வெளியே வந்தபோது, கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய வெள்ளைக்காரர் நின்றிருந்தார். உறைந்த எலி விற்கும் கடையின் உரிமையாளர். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். கழுத்திலும் கையிலும் பச்சை குத்தியிருந்த பாம்புகளை மறைக்கத்தான் என்று பிறகு புரிந்தது. எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று நிலாவிடம் கேட்டார். அவள் சொல்லிக்கொடுத்தாள். அவர் போய் ஆண்களின் வரிசைக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யூசுப் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பாம்பென்றால் நடுக்கம். வீட்டின் பின்பக்க அறை ஒன்றில்தான் ரஹ்மத் தன் பாம்புகளை வைத்திருந்தார். அத்தனை வருஷத்தில் யூசுப் அந்த அறையின் வாசற்படியைத் தாண்டியதில்லை. ரஹ்மத்தின் மரணத்துக்குப் பிறகு, இருந்த பாம்புகளில் பெரும்பாலானவற்றை நம் குழுவினரே எடுத்துக்கொண்டோம். ஒன்றைக் கேட்டபோது மட்டும் யூசுப், "அது இருக்கட்டும்" என்றார். பேகம் என்ற வயதான பெண் பாம்பு. வெளிநாட்டு வேலைக்குப் போன சக ஊழியர் ஒருவர், கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரஹ்மத்திடம் விட்டுச்சென்று, திரும்ப வந்து வாங்காமலே போய்விட்டார். அதுவும் அப்போது சாப்பிடாமல் கிடந்ததாம். அதற்காகத்தான் ரஹ்மத் முதன்முதலில் அலுவலகத்துக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் அதிலிருந்து தொடங்கியது.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை யூசுப் பாய் என்னை அழைத்தார்.

"கோமதி, பேகம் சாப்பிட மாட்டேங்கு. சரவணன் சொன்ன மாதிரிதான் வைக்கேன். அவ போன பெறகு ஒண்ணுமே தொடல."

போனேன். அறையின் கதவு அகலத் திறந்திருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. அதில் அமர்ந்துதான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எலியையும் நீண்ட கம்பின் நுனியில் கட்டி, படிக்கு வெளியே நின்றபடிதான் உள்ளே நீட்டியிருக்கிறார்.

"கதவ ஏன் பாய் திறந்து வச்சிருக்கீங்க?"

"அவ ரூமு பூட்டிக் கிடக்கது மனசுக்கு ஒப்பல."

நான் உள்ளே போய்க் கருவியை எடுத்தேன். அளக்கவே தேவையில்லை, கால் சில்லிட்டது. தராசில் வைத்தேன், வாயைப் பார்த்தேன். நோய் இல்லை. யூசுப் படிக்கு வெளியே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அது அவளத் தேடுதா கோமதி?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் அதைக் கேட்கத்தான் ஏங்கி நின்றார். சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுகூட அந்தக் கணம் தோன்றியது. ஆனால் அந்தச் சொல்லை நம்பினால், அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும்.

"இல்ல பாய். பாம்பு யாரையும் தேடாது. இங்க குளிருது அதுக்கு. நீங்க எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கிறதும் அதுக்குப் பயம்."

அவர் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"அப்ப தேடுதது நான் மட்டும்தானா?"

"நானும் தேடுதேன் பாய்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, படியைத் தாண்டி உள்ளே வந்தார். ஜன்னலை அவரே சாத்தினார். தொட்டியின் மேல் துண்டைப் போடும்போது ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்தார். வெளியே வந்து கதவை மூடினோம். அன்று மாலை முழுக்க நான் அங்கேயே இருந்தேன். அவர் பேசினார், பெரும்பாலும் ரஹ்மத்தைப் பற்றி. நான் கேட்டேன். பேகம் சாப்பிட இன்னும் பல வாரங்கள் ஆயின. சாப்பிட்ட அன்று எலியை வைத்தது அவர் கைதான்.

ரஹ்மத்திடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பதை இங்கே சொல்லி முடிக்கிறேன். உதவி கேட்டு நிற்பவரிடம், அவர் கேட்க விரும்புவதைச் சொல்லாமல் உள்ளதைச் சொல்வது. சொன்ன பிறகு எழுந்து வந்துவிடாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பது. இரண்டாவதுதான் கடினம். அதை ரஹ்மத் அளவுக்கு என்னால் செய்ய முடியவில்லை. அன்று யூசுப் பாயின் வீட்டில் மட்டும், ஒரு மாலை முழுக்க என்னால் அது முடிந்தது.